ஓரவஞ்சனையின் பௌதிகம்

தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், ஒகேனக்கல் பாறைகளைப் பிளந்து பாயும் காவிரியின் போக்கோடு சவாரிகளை ஏற்றிச்சென்று இறக்கியபின், பரிசலோட்டி தம் மூங்கிற் பரிசலைத் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு கரைவழியே மேலேறி வருவதை அங்கு சென்றவர்கள் கண்டிருப்பார்கள். போவதற்கு இணங்கி மீள்வதற்கு இணங்காத இத்தகைய ஓரவஞ்சனைதான், ‘ஹெர்மீஷியன் அல்லாத அமைப்புகள்’ என்று பௌதிகர்கள் இன்று ஆராயும் துறையின் முக்கியமான ஒரு விஷயம்.

சக்தி உள்ளே வராமலும் வெளியே போகாமலும் இருக்கும் அமைப்புகளுக்குரிய கணித நியதி, பிரெஞ்சுக் கணித மேதை சார்ல்ஸ் ஹெர்மிட்டின் பெயரால் வழங்குகிறது. ஒளியை உறிஞ்சும் ஸ்படிகத்துக்கு அந்நியதி பொருந்தாது. அத்தகைய ஸ்படிகங்களில் சில விசேஷ திசைகளில், இரண்டாக இருக்கவேண்டிய ஒளியலைகள் ஒன்றாகவே இணைந்துவிடுவதை, சர் சி. வி. ராமனின் சகோதரி மகனான பஞ்சரத்னம், 1955-இல், தம் 21-ஆம் வயதில், பெங்களூரில் ஆராய்ந்து வெளியிட்டார்.

இனி ஓரவஞ்சனைக்கு வருவோம். வட்டமான வாய்க்கால் ஒன்றில் நீர் ஒரே திசையில் சுழல்வதாகக் கொள்வோம். மிதக்கும் சருகுகள் எங்கும் பரவிச் சுற்றிக்கொண்டிருக்கும். குறுக்கே ஒரு வரப்பு இட்டால், அத்தனையும் அதன் ஓரத்தில் ஒதுங்கும். ஒரு பக்கம் தாவுவது மறுபக்கம் தாவுவதைவிட எளிதாயுள்ள அணுச்சங்கிலியை 1996-இல் ஹடானோ, நெல்சன் என்ற இரு பௌதிகர்கள் ஆராய்ந்தனர். அத்தகைய சங்கிலியை வளையமாக்கினால் அலைகள் சமமாய்ப் பரவுவதும், அறுத்து நீட்டினால் ஏறக்குறைய அனைத்தும் ஒரு முனையில் குவிவதும் இயல்பு. இக்குவிதலுக்கு 2018-இல் யாவ், வாங் என்ற இரு சீன அறிஞர்கள் ‘தோல் விளைவு’ என்று பெயரிட்டனர். வளையத்தின் சக்தி மதிப்புகளைச் சிக்கலெண் தளத்தில் வரைந்தால் ஒரு மூடிய கண்ணி உருவாகும்; அது எத்திசையில் எத்தனை முறை சுற்றுகிறது என்ற முழு எண்தான் குவியும் முனையைத் தீர்மானிக்கிறது. சிறு குறைபாடுகளால் அவ்வெண் மாறாதாதலின், இது இடத்தியல் சார்ந்த தன்மை எனப்படுகிறது. 2020-இல் ஜெர்மனியின் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில், கண்ணாடியிழைச் சுருள்களில் எந்த இடத்தில் ஒளியைச் செலுத்தினாலும், எதிரெதிராய் ஓரவஞ்சனை கொண்ட இரு பகுதிகள் சந்திக்கும் எல்லைக்கே அது வந்து சேர்வதைப் பிரத்தியட்சமாகக் காட்டினர்.

சாதாரண இடத்தியல் பொருள்களில், உட்புறத்தின் கணக்கைக்கொண்டே ஓரத்தில் நிகழ்வதை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். இங்கோ, வரப்பு உண்டா இல்லையா என்று கேளாமல் வாய்க்காலில் சருகுகள் எங்கிருக்கும் என்று சொல்வதற்கில்லை.