காலநிலைத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே பெரும்பாக்கம்

சென்னை மாநகராட்சி 2023-ல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தைக் குறை சொல்ல எளிதில் மனம் வராது. கரியமில வாயு உமிழ்வை நிகர பூஜ்யமாக்க இந்தியா வைத்திருக்கும் இலக்கு ஆண்டு 2070. சென்னை அதை 2050-லேயே எட்டப் போவதாகச் சொல்கிறது. 2018-19 கணக்குப்படி நகரம் ஓராண்டில் வெளியேற்றியது சுமார் 1 கோடியே 43 லட்சம் டன். மின்சாரம், கட்டடம், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் குடிநீரும், எளிதில் பாதிக்கப்படும் மக்கள் என்று துறைவாரியாக வேலைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கடைசித் தலைப்பு ஒன்று போதும், இதை எழுதியவர்களுக்கு ஏழைகளின் நினைவு இருந்தது என்பதைக் காட்ட.

ஆனால், 2022-ல் வரைவு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. யாருக்காக அந்தக் கடைசித் தலைப்போ அவர்களால் படிக்க முடியாத மொழியில் கருத்து கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தமிழ் வடிவம் கிடைத்தது.

திட்டத்தின் வரைபடம் மாநகராட்சியின் 426 சதுர கி.மீ. பரப்போடு நின்றுவிடுகிறது. கடல் மட்டம் உயர்ந்தால் 2100-க்குள் இதில் 67 சதுர கி.மீ., அதாவது 16 சதவீதம், நிரந்தரமாக நீரில் மூழ்கக்கூடும் என்றும், 215 குடிசைப் பகுதிகள் அந்த நீருக்குள் வரும் என்றும் திட்டமே கணக்கிடுகிறது. சென்னையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் பெரும்பாக்கமோ அந்தக் கோட்டுக்கு வெளியே, நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒரு கிராம ஊராட்சியாக இருக்கிறது.

வெள்ளத்திலிருந்து வெள்ளத்துக்கு

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் வீடுகள் இடிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. ஆற்றங்கரையில் இருந்தால் அடுத்த வெள்ளத்தில் உயிர் போகும், எனவே அடுக்குமாடி வீடு தருகிறோம் என்றார்கள். கரையோரக் குடியிருப்புகளில் எல்லோரும் தலித்துகள் அல்லர். ஆனாலும் நகரத்தின் மற்ற பகுதிகளைவிட அங்கே பட்டியல் சாதியினர் அதிகம். அதே ஆற்றின் கரையில் எழுந்த பெரிய கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கவலை அந்த வேகத்தில் பொருந்தவில்லை என்பதையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

குடியேற்றப்பட்ட இடம் எது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கி, கடலுக்குப் போக வழி தேடும் பள்ளம் அது. அந்தச் சதுப்பு நிலத்தில் மிஞ்சிய பகுதிக்கு 2022-ல் ராம்சர் தகுதி கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு மக்களைக் கொண்டுபோய் வைத்த செம்மஞ்சேரி கன மழைக்கெல்லாம் தண்ணீரில் நிற்பது நமக்குப் பழகிப்போன செய்தி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இந்தப் பகுதி முழுவதும் தண்ணீர்க்காடானது. எட்டு அடுக்குக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருப்பவருக்கு வீட்டுக்குள் வெள்ளம் வராது, உண்மைதான். மின்சாரம் நின்றால் லிஃப்டும் நிற்கும், தண்ணீர் மோட்டாரும் நிற்கும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் என்ன செய்வார்கள் என்று கட்டடம் வரைந்தவர்கள் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சைதாப்பேட்டைப் பக்கம் இருந்தபோது வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் பூ விற்கவும் நடந்தே போனவர், இப்போது ஏறத்தாழ 20 கி.மீ. பேருந்தில் போய்த் திரும்ப வேண்டும். போக்குவரத்து உமிழ்வைக் குறைக்க மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போக வேண்டும் என்கிறது காலநிலைத் திட்டம். நடந்தே போனவர்களைத்தான் நகரம் வெளியே அனுப்பியது. 2021-ல் தொடங்கிய மகளிர் விடியல் பயணம் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தியது. போகும் வழியில் கரையும் நேரத்தை அதனால் திருப்பித் தர முடியாது.

குப்பையைத் தொடும் கைகள்

திட்டத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது குப்பை. மக்கும் குப்பை கிடங்கில் குவிந்து காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. எனவே பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகளுக்குக் குப்பை போகாமல், வீட்டு வாசலிலேயே மக்குவது, மக்காதது என்று பிரித்து, உரமாக்கவும் மறுசுழற்சி செய்யவும் வேண்டும். 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைத்தான் வலியுறுத்தின. சரியான வழி.

இந்த வேலையைச் செய்பவர் யார்? வீட்டுக்காரர் பிரிக்காமல் ஒரே பையில் கட்டிப் போட்டதைத் தெருவில் பிரித்து, கையால் அள்ளி, வண்டி தள்ளுபவர் யார்? சாதிப் பட்டியல் எடுத்துத் தேட வேண்டியதில்லை. சென்னையின் உமிழ்வு ஒரு டன் குறைந்தால், அதில் ஒரு பகுதி தூய்மைப் பணியாளரின் கை உழைப்பு. அந்தக் கைக்கு நிரந்தர வேலையும் முறையான ஊதியமும் கையுறையும் உறுதியாகக் கிடைக்க வேண்டுமா, வேண்டாமா? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அகற்றப்பட்டார்கள். காலநிலைத் திட்டத்தை வெளியிட்டதும் அதே மாளிகைதான்.

வெயிலையும் இங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் மதிய வெயிலில் தெருவில் நிற்பவர் இறந்தால், அந்தச் சாவை மருத்துவச் சான்று மாரடைப்பு என்று எழுதிவிடாமல் இருந்தால்தான் அந்தத் தொகை வீடு வந்து சேரும்.

பணத்துக்குச் சட்டம் இருக்கிறது

மாவட்டங்களுக்கும் காலநிலை மாற்ற இயக்கம் வந்துவிட்டது. ஆட்சியர் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். வனத் துறை கையில் போனால் மரம் நடுவதும் சதுப்பு நிலம் காப்பதும் முன்னால் வரும். அதுவும் வேண்டியதே. ஆனால் நம் மாவட்டத்துக் கிராமங்களில் ஊர் மேட்டில் இருக்க, ஆதிதிராவிடர் குடியிருப்பு ஏரிக் கலங்கலை ஒட்டியோ வாய்க்கால் ஓரத்திலோ இருக்கும். வருவாய்க் கிராமம் என்ற ஒரே பெயரில் இரண்டும் அடங்கிவிடுவதால், எந்தக் குடியிருப்பு எத்தனை அடி தாழ்வு என்பது பட்டியலில் தெரியாது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் தந்த அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. மேட்டு நிலம் கைக்கு வந்திருந்தால் இன்று பள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது. அது தனிக் கதை, இன்னொரு வாரம் பார்ப்போம்.

காலநிலைத் திட்டத்தில் பங்கு கேட்பது புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள். அதில் 29 சதவீதம் ஆதிதிராவிடருக்கு, 1 சதவீதம் பழங்குடியினருக்கு என்று முதலிலேயே எழுதி வைத்தார்கள். அதனால்தான் 300 சதுர அடி வீடும் சூரிய விளக்கும் நம் தெருக்களுக்கும் வந்தன. 'அனைவருக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தத் தெருவோடு நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதைவிட வலுவான கருவி கையில் இருக்கிறது. 2024-ல் சட்டப்பேரவை நிறைவேற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், இம்மக்களின் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கைத் திட்ட நிதியில் ஒதுக்கச் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் மட்டும் 20 சதவீதம். மழைநீர் வடிகால், ஏரிக்கரை பலப்படுத்தல், புயல் பாதுகாப்பு மையம், கூரைச் சூரிய மின்தகடு என எல்லாம் காலநிலை என்ற பெயரில் வரும்போது, அதில் எத்தனை ரூபாய் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குள் போகிறது என்று துறைவாரியாகக் கேட்க இச்சட்டம் இடம் தருகிறது. ஊரெல்லையில் போகும் பொதுச் சாலையைக் காட்டி 'இதிலும் நீங்கள் நடக்கிறீர்கள்' என்று கணக்கு எழுதும் பழைய வழக்கத்தை வடிகாலுக்கும் கொண்டுவரக் கூடாது.

பெரும்பாக்கம் ஊராட்சி என்பதால் அங்கே கிராம சபை உண்டு. நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டம் வடகிழக்குப் பருவமழை நடுவில்தான் வருகிறது. மின்சாரம் நின்றால் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மாற்று வழி என்ன, உபரி நீர் எந்த வாய்க்காலில் போகும், அதைத் தூர்வாரும் பொறுப்பு ஊராட்சிக்கா, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கா, நீர்வளத் துறைக்கா? அடுக்குமாடிவாசிகள் அந்தக் கூட்டத்தில் கேட்டுத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டியவை இவை. மாவட்டக் காலநிலைத் திட்டத்தில் பெரும்பாக்கத்துக்கு என்று ஒரு பக்கம் எழுதப்படுமானால், அதில் முதலில் இருக்க வேண்டியது இதற்கான பதில்.