கோப்பைக் குறுக்கினால் ஒதுக்கிய இடம் என்னாகும்?

கணினியில் உள்ள ஒரு கோப்பின் அளவு யாது என்று கேட்டால் ஒரே விடைதான் உண்டு என நாம் எண்ணுகிறோம். உண்மையில் விடைகள் இரண்டு. கோப்பின் நீளம் எவ்வளவு என்பது ஒன்று. அக்கோப்பின் பெயரால் வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கப்பட்டுள்ளது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒத்திராதபோது கோப்பைக் குறுக்கினால் என்ன நேரும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அலுவலகப் பேரேட்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் புதுப் பேரேடு திறக்கும் எழுத்தர், ஒவ்வொரு தலைப்புக்கும் சில வெற்றுப் பக்கங்களை முன்கூட்டியே விட்டுவைக்கிறார். பிற்பாடு வரும் கணக்குகள் சிதறாமல் ஓரிடத்தில் அமையவேண்டும் என்பதே அவர் நோக்கம். கணினியும் அவ்வாறே செய்கிறது. வட்டு சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் பெரும்பாலும் 4096 பைட் கொள்ளும். வளர்ந்துகொண்டே போகும் கோப்புக்கு முன்னதாகவே கட்டங்களைப் பிடித்துவைத்தால், அவை அடுத்தடுத்து அமைய வாய்ப்பு மிகும். பாதி வேலையில் ‘இடமில்லை’ என்று நின்றுவிடும் அச்சமும் நீங்கும்.

லினக்ஸில் இதற்கென ‘ஃபாலொகேட்’ என்னும் கட்டளை 2007ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. கோப்பின் நீளத்தை மாற்றாமலே, அதன் முடிவுக்கு அப்பாலும் இடம் பிடித்துவைக்க அதில் வழியுண்டு. 100 மெகாபைட் ஒதுக்கி, 10 மெகாபைட் மட்டும் எழுதியதாகக் கொள்வோம். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை 10 என்று சொல்லும். வட்டில் பிடித்த இடத்தை அளக்கும் ‘டியூ’ கட்டளை 100 என்று சொல்லும். இரண்டும் மெய்யே.

ஒதுக்கிய கட்டங்களில், முன்பு பிறர் அழித்துவிட்ட கோப்பின் எச்சம் கிடக்கக்கூடும். அதைப் புதியவர் படித்துவிடலாகாது. ஆதலின் அக்கட்டங்களுக்கு ‘இன்னும் எழுதப்படாதவை’ என்ற குறி இடப்படுகிறது. கோப்பு பின்னர் அவ்விடத்தை எட்டும்போது, எழுதாத பகுதியைப் படித்தால் சுழியமே கிடைக்கும்.

இனிக் குறுக்குதலுக்கு வருவோம். ‘பாஸிக்ஸ்’ என்னும் பொதுநெறி, தன் முன்னொதுக்கீட்டுக் கட்டளையைக் குறித்து இரண்டு விதிகளைக் கூறுகிறது. கோப்பைத் திறக்கும்போதே வெறுமையாக்கினால், ஒதுக்கிய இடம் விடுவிக்கப்பட வேண்டும். திறந்திருக்கும் கோப்பை, ஒதுக்கிய எல்லைக்குக் கீழே குறுக்கினால், அந்த இடம் விடுவிக்கப்படலாம். முன்னதில் ‘வேண்டும்’, பின்னதில் ‘லாம்’. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வேறுபாடு புதிதன்று. முன்னது கடமை, பின்னது அனுமதி. அனுமதியைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் அந்தந்தக் கோப்பு முறைமையின் விருப்பம்.

2008ஆம் ஆண்டு முதல் லினக்ஸில் நிலைபெற்றுள்ள ‘எக்ஸ்டி4’ முறைமை அவ்வனுமதியை முழுமையாகப் பயன்படுத்துகிறது. மேற்சொன்ன கோப்பை 5 மெகாபைட்டாகக் குறுக்கினால், எழுதியவற்றுள் பின்பாதி மட்டுமன்றி, எழுதாமல் ஒதுக்கியிருந்த 90 மெகாபைட்டும் பொதுவிடத்திற்குத் திரும்பிவிடும். கோப்பை அதன் நீளமாகிய 10 மெகாபைட்டுக்கே ‘குறுக்கினாலும்’, நீளம் மாறாது. ஆனால் முடிவுக்கு அப்பாலுள்ள ஒதுக்கீடு நீங்கிவிடும்.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. ஒரு நிரல் தன் குறிப்பேட்டைக் குறுக்கிவிட்டு, முன்னர் ஒதுக்கிய இடம் இன்னும் தனக்கே உரியது என்று நம்பியிருக்கும். இதற்கிடையில் வேறொரு நிரல் அவ்விடத்தை நிரப்பிவிடும். எழுதவேண்டிய வேளையில் இடம் இராது. மாறாக, வேலை முடிந்தபின்னும் ஒதுக்கீட்டை விடாதிருந்தால், பட்டியலில் தோன்றாமலே வட்டு நிரம்பிக்கொண்டிருக்கும்.

எனவே, நிரல் எழுதுவோர் மனத்திற்கொள்ள வேண்டியது இதுவே: குறுக்கியபின் இடம் வேண்டுமாயின் மீண்டும் ஒதுக்குக, வேண்டாவிடில் அது விடுபட்டதா என்று அளந்து பார்க்க. அனுமதியாகச் சொல்லப்பட்டதை உறுதிமொழியாகக் கொள்ளுதல் கூடாது.