நிலவில் ஒரு வெள்ளைப் புள்ளி: மெய்யா, கமராக் கோளாறா?

2019 செப்டெம்பர் 7 அதிகாலை, இந்தியாவின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவப் பக்கம் மோதிச் சிதறியது. பத்து நாள் கழித்து நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் அந்த இடத்தைப் படமெடுத்தது. அதைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார்.

ஒற்றைப் புள்ளியை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. காஸ்மிக் கதிர் கமராவின் சென்சரில் பட்டாலும் வெண்புள்ளி விழும். வெயில் சாயும் கோணம் மாறினால் வெறும் பாறையும் பளிச்சிடும். நாசா அவசரப்படாமல் ஒக்டோபரிலும் நவம்பரிலும் மீண்டும் படமெடுத்தது. நவம்பர் 11 படத்தில் மோதிய தடமும் சிதைவுகளும் தெரிந்தன. பெரிய துண்டுகள் மூன்றுக்கும் நிழல் இருந்தது! கமராக் கோளாறுக்கு நிலவின் தரையில் நிழல் விழாது. டிசம்பர் 2 அன்று, அவர் பெயரைக் குறிப்பிட்டே நாசா முடிவை அறிவித்தது. அவர் கண்ட துண்டு, மோதிய இடத்துக்குச் சுமார் 750 மீற்றர் வடமேற்கே கிடந்தது.

இதே சந்தேகம் உங்கள் படங்களிலும் வரலாம். மலையகத்து நோர்வூட்டில் பனிமூட்டம் விலகிய இரவில் நிலவைப் படமெடுக்கும்போது பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால், கைபேசியைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். மலைமுகடும் நிலவும் இருந்தபடியே இருக்க, புள்ளி மட்டும் அவற்றை விட்டு விலகினால், அது லென்ஸுக்குள் எதிரொளித்த நிலவொளி.