கேட்குது, ஆனா பேச்சு போகல!



1914 முதல் தனுஷ்கோடிக் கப்பல் வந்து நின்ற இடம் தலைமன்னார். நம் முன்னோர் பலர் இறங்கிய கரை அது. அந்த மன்னார்த் தீவில், பேசாலை போன்ற ஊர்களில், கடல்தொழில்தான் பிழைப்பு. படகில் ஆபத்தென்றால் வயர்லெஸில் 16ஆம் சனலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், கரையைக் கூப்பிட வேண்டும். கரையில் செட் கோபுரத்தடியில் இருக்க, பேசுகிறவர் தூரத்து அறையில் இருப்பதும் உண்டு. நடுவே ஒரு சோடி வயர்.

படகுக்காரர் குரல் கேட்குது, நம்ம பதில் போகல என்றால் என்ன செய்வது? வயரிங் பழகும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறோம்.

பல செட்டுகளில் பட்டனை அமுக்கியதும், பேச்சுக்கு முன்னே 2175 ஹெர்ட்ஸ் சத்தம் வயரில் ஓடும். அடுத்து இன்னொன்று, பெரும்பாலும் 1950. பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற மாதிரிதான். அதைக் கேட்டே செட் ஒலிபரப்பத் தொடங்கும். முதல் சத்தம் பேசி முடியும்வரை மெலிசாக ஓடிக்கொண்டே இருக்கும். அது தேய்ந்தால் பேச்சு பாதியில் அறும்.

முதலில் கோபுரத்தடிக்கே போய், அங்குள்ள மைக்கில் பேசிப் பாருங்க. சோதனைப் பேச்சு 16இல் வேண்டாம், வேறு சனலில். போனால் செட் நல்லம்; பிழை வயரில், அல்லது அறைப் பெட்டியில். உப்புக்காற்று ஊரில் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது வயர் மூட்டைத்தான். செம்பு பச்சை பூத்திருக்கும். சுரண்டி, மறுபடி இறுக்கி, ஈரம் புகாமல் மூடணும். சிலர் ஒலியைக் கூட்டிச் சமாளிப்பார்கள். அளவு மீறினால் சத்தம் பிசிறி, செட்டுக்கு அடையாளமே தெரியாது.

வேலை முடியும்வரை ஒரு ஆள் கோபுரத்தடியிலேயே மைக்கோடு உட்காரணும், இரவானாலும்.