நொடிக்கு 3 சென்டிமீட்டர்

பட்டு நெசவில் கண்ணைப் போலவே விரலும் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருப்பவர் பாவின் மேல் விரலை ஓடவிட்டே, இழை எங்கே அறுந்திருக்கிறது, முடிச்சு எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். வேலைக்கு நடுவே தூளியில் பிள்ளை சிணுங்கினால் எழுந்துபோய் அதே கையால் முதுகைத் தடவிக் கொடுப்பார். கை ஒன்றுதான். ஆனால் இழையைத் தேடும் விரலுக்குள் ஓடும் செய்தி ஒரு வகை. பிள்ளையின் முதுகிலிருந்து கிளம்பும் செய்தி வேறு வகை. இரண்டும் தனித்தனி நரம்பு நார்களில் போகின்றன.

விரல்நுனியின் நார்களைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அதனால் செய்தி நொடிக்கு 50 மீட்டர் அளவிலான வேகத்தில் மூளைக்குப் பறக்கும். தொட்டது எது, எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தமாக என்பதை அறிவது இதன் வேலை. நெசவாளியும் தச்சரும் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் பிழைப்பது இந்த நார்களால்தான்.

மற்றொரு வகைக்கு அந்த உறை கிடையாது. செய்தி நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான் நகரும். முன்கையைத் தடவினால், அந்தச் சேதி மூளைக்கு வந்து சேரவே ஒரு நொடி பிடிக்கும். சி-டாக்டைல் நார்கள் என்று இவற்றுக்குப் பெயர். முதுகு, முன்கை, முகம் போன்ற மெல்லிய ரோமமுள்ள தோலில் இவை நிறைய உண்டு. உள்ளங்கையில் மிக அரிது. பூனையின் தோலில் இப்படிப்பட்ட நார்கள் இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர் சோட்டர்மன் 1939இலேயே பதிவு செய்தார். மனிதரிடமும் இருக்கின்றன என்று உறுதியாக மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்த நார்களுக்கு விருப்பம் ஒன்று உண்டு. தோலின் மேல் ஏதாவது நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையாக நகர்ந்தால் நன்றாகத் துடிக்கும். ஏறக்குறைய 3 சென்டிமீட்டரில் உச்சம் தொடும். அதைவிட விரைந்தாலும் மந்தமானாலும் துடிப்பு குறைந்துவிடும். எந்த வேகத்தில் நார்கள் அதிகம் துடிக்கின்றனவோ, அந்த வேகத்தைத்தான் மனிதர்களும் "இதுதான் இதம்" என்கிறார்கள் என்பது 2009இல் தெரிந்தது. தடவும் பொருளின் சூடும் கணக்கில் உண்டு: மனிதத் தோலின் வெதுவெதுப்பே இவற்றுக்கு உகந்தது.

இவை தனியாக என்ன செய்கின்றன என்பதைக் காட்டியவர், ஆய்வுலகம் ஜி.எல். என்று மட்டும் அறிந்த ஒரு பெண். நோயால் அவருடைய வேகமான தொடு நார்கள் அழிந்துவிட்டன, மெதுவானவை மிஞ்சின. முன்கையில் மென்மையான தூரிகையால் வருடியபோது, மங்கலான ஒரு இதத்தை உணர்வதாக அவர் சொன்னார். தொட்ட இடத்தைத் துல்லியமாக அறியும் பகுதி அவர் மூளையில் கிளர்ந்தெழவில்லை; உணர்ச்சியோடும் உடலின் உள்நிலையோடும் தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி எழுந்தது. ஓலாசன் குழு 2002இல் வெளியிட்ட முடிவு இது.

இந்த அறிவியல் எதுவும் தெரியாத பெற்றோர் பிள்ளையை எப்படித் தடவுகிறார்கள்? 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கைக்குழந்தையைத் தடவச் சொன்னபோது பெற்றோரின் கை தானாகவே அந்த நார்களுக்குப் பிடித்த வேகத்துக்கு வந்து நின்றது. செயற்கைக் கை ஒன்றைத் தடவச் சொன்னபோது வேகம் கூடிவிட்டது. வாங்கிக்கொள்ளும் பக்கமும் தயாராகவே இருக்கிறது: 9 மாதக் குழந்தைகளை மூன்று வேகங்களில் வருடிப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், நொடிக்கு 3 சென்டிமீட்டர் என்ற நடுவேகத்துக்குத்தான் இதயத்துடிப்பு தணிந்தது.

நம் ஊர்க் கொஞ்சல்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பாட்டிமார் இரு கையாலும் பிள்ளையின் கன்னத்தை வழித்துத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார்கள். திருஷ்டி போகிறதோ இல்லையோ, கன்னத்தில் இறங்கும் அந்தக் கை நிதானமாகத்தான் இறங்குகிறது. உச்சி முகர்வதில் பெரியவருக்கும் பங்குண்டு. பிறந்து இரண்டே நாளான குழந்தைகளின் உடை வாசனையை 30 பெண்களுக்கு முகரக் கொடுத்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், மூளையின் வெகுமதிப் பகுதிகள் எழுந்தன. அண்மையில் பிள்ளை பெற்றவர்களிடம் கூடுதலாக எழுந்தன. "கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு" என்று கன்னத்தைக் கிள்ளுவது கொடுமையல்ல. பொங்கிவரும் பாசத்தை மட்டுப்படுத்த மனம் எதிர்த்திசையில் ஒரு பிடி இழுக்கிறது என்று 2015இல் ஓரியானா அரகோன் குழு விளக்கியது. கிள்ளு வாங்கும் கன்னத்துக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது என்பது வேறு விஷயம்.

இனி மடி. காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் ராஜசிம்மன், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தரை வைத்தான். அப்பா, அம்மா, அம்மாவின் மடியில் குழந்தை கந்தன். பிற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளில் கந்தன் இருவருக்கும் நடுவே தனியாக நிற்பான். பல்லவர் கல்லில் மடியை விட்டு இறங்குவதில்லை. மடியிலிருந்து எழுந்து நடந்தால் இன்னும் நல்லது என்கிறது ஜப்பானின் குமி குரோடா குழுவின் 2013ஆம் ஆண்டு ஆய்வு. அழும் கைக்குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு தாய் நடந்தால், வெறுமனே மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைவிட அழுகையும் இதயத்துடிப்பும் சட்டென்று இறங்குகின்றன. காஞ்சி வரதராஜப் பெருமாளின் வைகாசி கருடசேவைக் கூட்டத்தில், அத்தனை மேளத்துக்கும் நடுவே பிள்ளைகள் தோளில் தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எண்ணெய்க் குளியலில் மட்டும் ஒரு பாகுபாடு தேவை. நீட்டிய கால்களில் பிள்ளையைக் கிடத்தி முதுகையும் கையையும் நீவிவிடுவது நல்லது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, ஊதுவது, மூக்கை இழுத்து நீட்டுவது ஆகியவற்றைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். முத்தத்திலும் ஓர் எச்சரிக்கை: உதட்டில் கொப்புளம் உள்ளவர் பச்சிளம் குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது.

அணைப்பின் வலு துல்லியமாக அளக்கப்பட்டது எடை குறைந்து பிறந்த குழந்தைகளிடம்தான். பொகோட்டாவில் எட்கர் ரே 1978இல் தொடங்கிய கங்காரு முறையில், குழந்தையைப் பெரியவரின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், பிறந்த உடனேயே இப்படி அணைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 12 சதவீதம். வழக்கமான முறையில் நிலைமை சீரான பிறகே அணைக்கப்பட்டவர்களில் 15.7 சதவீதம். சூடு, தாய்ப்பால், தொற்றிலிருந்து காப்பு எல்லாம் சேர்ந்த பலன் இது. தோலோடு தோல் சேர்வதில்தான் அவை தொடங்குகின்றன.

தாயின் கைதான் வேண்டும் என்று இந்த நார்கள் கேட்பதில்லை. அப்பா, தாத்தா, சித்தி என்று யார் தடவினாலும் துடிக்கும். கையில் சூடும் நிதானமும் இருந்தால் சரி. ஆனால் அதை இதமாக எடுத்துக்கொள்வதா என்று தீர்மானிப்பது மூளை. பழக்கமில்லாதவர் முத்தமிட வரும்போது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தத் தீர்ப்பை மதிப்பதும் கொஞ்சலின் ஒரு பகுதியே. புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தறியில் கை மெதுவானால் நஷ்டம். பிள்ளையின் முதுகில் கணக்கு தலைகீழ்: கை அவசரப்பட்டால் அன்பைச் சொல்லும் நார்களில் பாதிச் சேதி போகாது.