பேத்தி போட்ட ‘ஹாட்’

எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேலாகிறது. அந்த நாளில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவர். ஆங்கிலத்தை இன்னும் கைவிடவில்லை. ஒரே பேத்தி லண்டனில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே வேலையும் பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத வராது. ஆகவே, பாட்டிக்குக் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

போன தீபாவளிக்கு முன்னால் அப்படி ஒரு கடிதம் வந்தது. “லீவு இருந்தால் குழந்தை தீபாவளிக்கு வருவாளாம்!” என்று பாட்டி தெருவெல்லாம் சொன்னார். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. தேன்குழல் பிழிந்தாயிற்று. பட்டுப் புடவை எடுத்து, ரவிக்கைக்கு அளவு தெரியவில்லையே என்று கவலையும் பட்டாயிற்று. தீபாவளி வந்தது, பேத்தி வரவில்லை. பாட்டிக்குப் பொல்லாத கோபம். ஒரு மாதம் வரை கடிதமே போடவில்லை.

“வரவில்லை என்று ஒரு வரி எழுதக் கூடாதா, நீயே சொல்லம்மா!” என்று கடிதத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த வாக்கியம் இதுதான்: ‘இஃப் ஐ ஹாட் எனி லீவ் லெஃப்ட், ஐ வுட் கம் ஃபார் தீபாவளி.’

பேத்தி எழுதத்தான் எழுதியிருந்தாள்! ‘லீவெல்லாம் தீர்ந்துவிட்டது, வருவதற்கில்லை’ என்று. அதைச் சொன்னது ‘ஹாட்’ என்ற சின்னஞ்சிறு சொல். பாட்டி அதை ‘ஹாவ்’ போலவே படித்துவிட்டார்.

பாட்டியின் மேல் குற்றமில்லை. “பணம் இருந்தால் இந்தப் புடவையை வாங்குவேன்” என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் பையில் பணம் இருக்கிறதா, இல்லையா? வாக்கியம் அதைச் சொல்லாது. உங்கள் குரலும் முகமும்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வாக்கியமே சொல்லிவிடும். ‘இஃப் ஐ ஹாவ் தி மணி, ஐ வில் பை இட்’ என்றால், பணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பையைத் திறந்து பார்க்க வேண்டும். ‘இஃப் ஐ ஹாட் தி மணி, ஐ வுட் பை இட்’ என்றால், பையைத் திறக்கவே வேண்டாம். காலி!

இன்றைக்கு இல்லாத ஒன்றைச் சொல்ல, நேற்றைய வினை எதற்கு என்று கேட்பீர்கள். இறந்த காலம் நம்மை விட்டு விலகிப் போனது அல்லவா? உண்மையை விட்டு விலகி நிற்பதையும் அதே வினையால் காட்டுவது ஆங்கிலத்தின் வழக்கம்.

நாமும் ஒரு வகையில் அதைத்தான் செய்கிறோம். ‘வந்தான்’ என்பதில் உள்ள ‘வந்து’தான் ‘வந்தால்’ என்பதிலும் ஒளிந்திருக்கிறது. ‘வருவால்’ என்று யாராவது சொல்கிறோமா? ஆனால் நடக்கக் கூடியதற்கும், நடக்கவே நடக்காததற்கும் நமக்கு ஒரே ‘வந்தால்’தான். ஆங்கிலமோ, இன்றையும் நாளையையும் பற்றிப் பேசும்போது, ‘இஃப்’புக்குப் பின்னால் இறந்த கால வினையைப் போட்டால், நடக்காதது என்றோ, நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை என்றோ பொருள்.

இந்த இடத்தில் ‘வாஸ்’ என்பதற்குப் பதில் ‘வேர்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். பேச்சில் ‘வாஸ்’ என்பாரும் உண்டு. ஆயினும் ‘நான் உன் இடத்தில் இருந்தால்’ என்று புத்தி சொல்லும்போது ‘இஃப் ஐ வேர் யு’ என்பதே வழக்கம். 1964-ல் நியூயார்க்கில் மேடையேறிய ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ என்ற இசை நாடகத்தில் பால்காரர் ஒருவர் பாடும் பாட்டின் தலைப்பு, ‘இஃப் ஐ வேர் எ ரிச் மேன்’. மேற்கொண்டு ஒரு வரி கேட்க வேண்டாம்; மனிதர் ஏழை என்று அந்த ‘வேர்’ சொல்லிவிடுகிறது.

போன காரியத்தைப் பற்றிய ஏக்கம் மட்டும் நமக்குச் சுலபம். ‘நீ வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்று இரண்டு பக்கமும் ஒரு ‘இரு’ சேர்க்கிறோம். வந்ததுமில்லை, பார்த்ததுமில்லை என்று அதிலேயே தெரிகிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ‘இஃப் யு ஹாட் கம், ஐ வுட் ஹாவ் ஸீன் யு.’ இதில் பலரும் செய்யும் பிழை, ‘இஃப் யு வுட் ஹாவ் கம்’ என்று எழுதுவது. ‘வுட்’டுக்கு ‘இஃப்’ பக்கத்து வீட்டில் இடமில்லை. மறு பக்கத்தில்தான் குடித்தனம். உங்கள் குழந்தைகளின் பரீட்சைத் தாளில் இந்த ஒன்றைப் பார்த்துத் திருத்தினாலே போதும், புண்ணியம் உண்டு.

இவ்வளவையும் பாட்டியிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அப்படியானால் குழந்தை என்னை ஏமாற்றவில்லை” என்றார். உடனே காகிதமும் பேனாவும் வந்தன.

“ஏம்மா, ‘இஃப் யு’ என்று எழுதிவிட்டேன். அப்புறம் ‘கேம்’ போடட்டுமா, ‘கம்’ போடட்டுமா?”

“இரண்டும் இலக்கணப்படி சரிதான், பாட்டி.”

“‘கேம்’ போட்டால், நீ எங்கே வரப் போகிறாய் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடுமே! புது வருஷம் பிறந்தால் அவளுக்குப் புது லீவும் பிறக்காதா?” என்று சொல்லிவிட்டு, பாட்டி நிதானமாக எழுதி முடித்தார்:

‘இஃப் யு கம் ஃபார் பொங்கல், ஐ வில் மேக் தேன்குழல் அகெய்ன்.’