பெயரில் ஓ.ஆர்.எஸ்., பாக்கெட்டில் சர்க்கரைப் பானம்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக் கடைக்கு ஓடி ‘ஓ.ஆர்.எஸ். கொடுங்க’ என்கிறோம். பல ஆண்டுகளாக, கேட்டவர்கள் பலரின் கையில் வந்து சேர்ந்தது பழச்சுவை கலந்த இனிப்புப் பானம். பெயரில் அந்த மூன்றெழுத்து பெரிதாக இருக்கும். ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அல்ல’ என்ற வரியைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

அசல் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம். சர்க்கரை இதைவிடப் பல மடங்கு ஏறினால் குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை இன்னும் அதிகமாக்கும். 1971-ல் மேற்கு வங்க எல்லையிலுள்ள பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே இறப்பு விகிதத்தை 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். அப்படிச் சம்பாதித்த நம்பிக்கையைத்தான் இந்தப் பானங்கள் விற்றுக் காசாக்கின.

ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து விடாமல் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.), பெயரில் ஓ.ஆர்.எஸ். சேர்க்கத் தந்திருந்த பழைய அனுமதிகளை ரத்து செய்தது. எந்த உணவுப் பொருளின் பெயரிலும், முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோகூட, ஓ.ஆர்.எஸ். வரக் கூடாது என்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006-ன்படி, பானம் யாருக்கும் கெடுதல் செய்யாவிட்டாலும் லேபிள் பொய் சொன்னாலே தவறுதான்.

- தவறான லேபிள்: 3 லட்சம் ரூபாய் வரை அபராதம்
- தரக்குறைவு: 5 லட்சம் வரை
- ஏமாற்று விளம்பரம்: 10 லட்சம் வரை
- பாதுகாப்பற்ற பானத்தால் மரணம்: குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள், குடும்பத்துக்கு 5 லட்சத்துக்குக் குறையாத இழப்பீடு

நீங்கள் செய்ய வேண்டியது

பில்லைக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி மூன்றையும் படம் எடுங்கள். பிறகு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 1800112100 எண்ணிலோ ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ புகார் கொடுங்கள்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று பிரிவு 40-ல் இருக்கிறது. ‘இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம். சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அபராதம் அரசுக்குப் போகும். உங்கள் நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வேலைக்காகக் கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் தங்கியிருக்கும் தமிழர் ஊருக்கு அலைய வேண்டாம்; ராஜர்ஹாட் (நியூ டவுன்) பெயரிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. வழக்குப் போடக் கெடு 2 ஆண்டு. முதலில் ஆலோசனை வேண்டுமா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.